இரண்டு சென்ரிமீற்றருக்காக மடிக்கப்படும் மட்காட்டுகள்: நாவிதன்வெளியிலிருந்து ஒரு பார்வை

'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தை ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க 2025 ஜனவரி 1ஆம் திகதி ஆரம்பித்து வைத்தார். அடுத்த சில நாட்களிலேயே, வாகனங்களில் செய்யப்பட்ட சட்டவிரோத மாற்றங்களுக்கு எதிரான பொலிஸ் சோதனைகள் நாடெங்கும் தொடங்கின. பஸ்களின் முன்னால் பூட்டிய இரும்புச் சட்டங்கள், கண்ணைக் கூசவைக்கும் மின்விளக்குகள், காதைப் பிளக்கும் ஹோன்கள், முச்சக்கரவண்டிகளின் அலங்காரங்கள் என்பன கழற்றப்பட்டன. தனியார் பஸ் உரிமையாளர்களும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பத்திரிகைகள் சில வாரங்கள் அதை எழுதின.

அந்த விவாதத்தில் கொழும்பு பஸ்களும் கண்டி முச்சக்கரவண்டிகளும் பேசப்பட்டன. அம்பாறை மாவட்டத்தின் தமிழ் பேசும் கிராமங்களில் ஓடும் பழைய வேன்களையும் கெப் வாகனங்களையும் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்து வாகனங்களில் அலங்காரம் குறைவு. ஆனால் மாற்றம் செய்யாத வாகனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றில் ஒன்றைப் பற்றியே இந்தக் கட்டுரை. அகலமான டயர் போடுவதற்காகச் சில்லுக்கு மேலே உள்ள மட்காட்டின் விளிம்பை உள்ளே மடிப்பது. கேட்பதற்குச் சிறிய விடயம். ஆனால் எமது வீதிகளின் நிலை, சட்டம் எம்மிடம் வந்து சேரும் விதம், மாரி காலத்தில் எம் உயிருக்கு உள்ள உத்தரவாதம் ஆகிய மூன்றும் அந்த மடிப்புக்குள் இருக்கின்றன.

என்ன செய்கிறார்கள்?

காரிலோ வேனிலோ சில்லைச் சுற்றியுள்ள வளைவின் உட்பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தால் ஒரு தகட்டு விளிம்பு தட்டுப்படும். மட்காட்டுக்கு உறுதி தருவதற்காகத் தொழிற்சாலையில் உள்நோக்கித் திருப்பிவிடப்பட்ட விளிம்பு அது. வாகனத்துக்குரிய அளவில் டயர் இருக்கும்வரை அதில் எதுவும் முட்டாது. அகலமான டயரைப் போட்டால், பாரம் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த விளிம்பு டயரின் தோளை உராயும். உராய்வு தொடர்ந்தால் கத்தி போல வெட்டிவிடும்.

வசதியான நாடுகளில் இதற்கென்று ஒரு கருவி உண்டு. சில்லைக் கழற்றிவிட்டு அச்சின் முனையில் அதைப் பூட்டி, பெயின்ற் வெடிக்காமல் இருக்கச் சூடேற்றி, உருளையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி விளிம்பை மேலே மடிப்பார்கள். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பெரும்பாலும் சுத்தியலும் இரும்புக் குழாயும்தான். டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் குழாயைச் செருகிவிட்டு வாகனத்தை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். விளிம்பு மடியும். கூடவே பெயின்றும் வெடிக்கும்.

கல்முனைப் பக்கம் ஒரு கராஜில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வேலை செய்தவரிடம் கேட்டேன். "காக்கா, இப்படி மடிச்சா கறள் பிடிக்காதா?"

"பிடிக்கும் தம்பி. இந்த உப்புக் காத்துக்கு மடிக்காததே நிக்குதில்ல. ஆனா ஆக்கள் கேக்கிறாங்க. நான் செய்யாட்டி அடுத்த கராஜுக்குப் போவாங்க."

அவர் சொன்னது சரி. பின்பக்க மட்காட்டில் வெளித் தகடும் உள் தகடும் சேரும் இடம் அந்த விளிம்புதான். அதை மூடியிருக்கும் பூச்சு வெடித்தால் சேறும் உப்பு ஈரமும் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் போய்த் தங்கும். வெளியில் தெரியும்போது உள்ளே தின்று முடிந்திருக்கும்.

ஏன் செய்கிறார்கள்?

அழகுக்காகச் செய்யும் இளைஞர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நாவிதன்வெளி, சவளக்கடை, அன்னமலை, மத்திய முகாம் பக்கம் நான் விசாரித்தவர்களில் பெரும்பாலானோர் வேறு காரணங்களைச் சொன்னார்கள்.

முதலாவது, வாகனத்தின் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து வருடங்கள் இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. இறக்குமதி திறந்த பிறகும் வரிகளோடு சேர்ந்த விலை ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பழைய வாகனத்துக்கே மீண்டும் மீண்டும் உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, டயரின் விலை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் டயரின் விலையும் அதோடு ஏறியது. உரிய அளவில் புதிய டயர் வாங்க முடியாதவர், பழைய டயர் கடையில் கிடைக்கும் அளவை வாங்குகிறார். கிடைப்பது அகலமாக இருந்தால் மட்காட்டை மடிக்கிறார். இதில் பாஷன் எதுவும் இல்லை.

மூன்றாவது, வீதியும் பாரமும். நெல் மூட்டை, செங்கல், மணல், மீன் பெட்டி என்று ஏற்றப்படும் பாரத்துக்கு வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். கிரவல் வீதியின் குழிகளில் அடிப்பாகம் தட்டும். மாரியில் தண்ணீர் நிற்கும். 'பெரிய டயர் போட்டால் வாகனம் உயரும், தண்ணீருக்குள்ளும் போகலாம்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது. இந்த மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

கணக்கு என்ன சொல்கிறது?

டயரின் பக்கத்தில் 195/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், அதன் அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம். றிம்மின் விட்டம் 15 அங்குலம். இந்த டயரின் முழு உயரம் 634 மில்லிமீற்றர் அளவில் வரும். அதே றிம்மில் 225/65 ஆர் 15 போட்டால் உயரம் 673 மில்லிமீற்றர் ஆகும். வித்தியாசம் 39 மில்லிமீற்றர். அதில் பாதி மேலே, பாதி கீழே. ஆக, வாகனத்தின் அடித்தளம் உயர்வது இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு.

மட்காட்டை மடித்து, கறளை வரவழைத்து, டயருக்கும் செலவழித்துக் கிடைப்பது இந்த இரண்டு சென்ரிமீற்றர்தான். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாயும் நாட்களில் அது ஒரு கணக்கே இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் இருக்கிறது. டயரின் சுற்றளவு 6 வீதம் கூடுவதால், வேகமானி 50 காட்டும்போது வாகனம் 53இல் ஓடும். டயரைத் திருப்பவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டால் சில்லுப் பெயாரிங் விரைவில் தேயும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

அகலம் எல்லா இடத்திலும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. எமது விவசாயிகளுக்கு அது தெரியும். சேற்று வயலில் உழவு இயந்திரத்துக்கு அகலமான இரும்புக் கூட்டுச் சில்லுப் பூட்டுவது, பாரம் பரவிப் புதையாமல் இருப்பதற்காக. ஆனால் சேறு வேறு, தார் வீதியில் நிற்கும் தண்ணீர் வேறு. தார் வீதியில் டயர் தண்ணீரை விலக்கிக்கொண்டு தரையைத் தொட வேண்டும். அகலம் கூடினால் விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. விலக்க முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் வழுக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்போது பயன்படாது. தேய்ந்த பழைய டயரென்றால் இன்னும் குறைந்த வேகத்திலேயே இது நடக்கும்.

ஓடும் வெள்ளத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு சிறிய காரின் அடிப்பாகம் சுமாராக 1.5 மீற்றர் அகலமும் 3.5 மீற்றர் நீளமும் கொண்டது. தண்ணீர் அடித்தளத்தைத் தாண்டி 10 சென்ரிமீற்றர் ஏறினால், அது 500 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தை மேலே தூக்கும். 20 சென்ரிமீற்றர் ஏறினால் 1000 கிலோகிராமைத் தாண்டும். சிறிய கார்களில் பல அந்த நிறைகூட இல்லாதவை. அதனால்தான், ஓடும் வெள்ளம் ஓர் அடி இருந்தாலே சிறிய கார்களை இழுத்துவிடும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. பெரிய டயருக்குள் இருப்பது காற்று. வெள்ளத்தில் அது வாகனத்தை நிலத்தில் பிடித்து வைக்காது, மிதக்கத்தான் உதவும்.

கிட்டங்கியும் மாவடிப்பள்ளியும்

நாவிதன்வெளி மக்களுக்குக் கல்முனைதான் சந்தை, வைத்தியசாலை, வங்கி, பஸ் நிலையம் எல்லாம். இடையில் இருப்பது கிட்டங்கி. மாரி மழை கனத்து மேற்கிலிருந்து வெள்ளம் வாவியை நோக்கி வரும் ஒவ்வொரு முறையும் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. போக்குவரத்து நிற்கிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையும், கிளினிக் திகதி உள்ள நோயாளியும், மருதமுனையிலிருந்து மீன் கொண்டு வரும் வியாபாரியும் ஒரே கரையில் நிற்கிறார்கள். அவசரமானவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கடக்கிறார்கள். 'பெரிய சில்லு, ஒன்றும் ஆகாது' என்பதுதான் அங்கே சொல்லப்படும் ஆறுதல்.

அந்த ஆறுதல் எவ்வளவு பொய்யானது என்பதை 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் கண்டோம். வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் இழுத்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். எங்கள் பக்கத்தில் ஓடும் வாகனங்களிலேயே மிகப் பெரிய சில்லு உழவு இயந்திரத்துக்குத்தான் உண்டு. அதுவே நிற்காத தண்ணீரில், மட்காட்டை மடித்து 30 மில்லிமீற்றர் அகலம் கூட்டிய வேன் நிற்குமா?

அந்தப் பிள்ளைகளைத் தேடித் தமிழரும் முஸ்லிம்களும் மாவட்டம் முழுவதும் தவித்த நாட்கள் அவை. எல்லை, செயலகம், காணி என்று இரு சமூகங்களுக்கும் இடையில் தீராத பிணக்குகள் இருக்கலாம். வெள்ளம் பாயும் வீதி இரண்டு சமூகத்துக்கும் பொதுவானது. வாகனம் தமிழருடையது என்றால் அதைத் திருத்தும் கராஜ் முஸ்லிமுடையதாக இருக்கும், அல்லது மறுபுறமாக இருக்கும். இந்தப் பிரச்சினையில் கோரிக்கையும் ஒன்றாகத்தான் எழ வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவது தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. மட்காட்டைத் தாண்டி வெளியே துருத்தும் டயர், பக்கத்தில் சைக்கிளில் போகும் மாணவியின் மேல் கல்லையும் சேற்றையும் எறியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில்லின் நடுவிலிருந்து முன்பக்கம் 30 பாகை, பின்பக்கம் 50 பாகை வரையிலான பகுதியில் டயரை மட்காட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் டயர், றிம் அளவை அனுமதிக்கப்பட்ட அளவுகளுக்கு அப்பால் மாற்றுபவர் பரிசோதனை நிலையத்தில் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். பிரித்தானியாவில் மூன்று வருடம் தாண்டிய கார் ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கு வாழும் எம் உறவுகளுக்கு இவை பழக்கமானவை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட வடிவத்துக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது.

எமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. பதிவில் உள்ள விபரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காருக்கு வருடாந்தம் கேட்பது புகைச் சான்றிதழ். புகைக்குழாய் அளக்கப்படுகிறது. மட்காட்டுக்குள் வெட்டுப்பட்ட டயரோடு அந்த வாகனம் அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீதிக்கு வந்துவிடலாம்.

ஆகவே விதி என்பது எமக்குப் பெரும்பாலும் வீதியோரச் சோதனையாகவே அறிமுகமாகிறது. போருக்குள் வாழ்ந்த எம் மக்களுக்கு வீதியோரச் சோதனை என்பது வெறும் போக்குவரத்து விடயம் அல்ல. வாகனத்தை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, நடக்க வைத்து, இருக்கைக்குக் கீழும் டயருக்குள்ளும் தேடிய காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் மறக்கவில்லை. 1990க்குப் பின் வடக்கில் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எம்மவர்கள். இல்லாமையில் வாகனத்தை மாற்றி ஓட்டுவது எமக்குக் குற்றமாகத் தெரியாது, பிழைப்பாகத்தான் தெரியும். இந்த நினைவோடு இருக்கும் மக்களிடம் சட்டம் வருவதானால் அளவுகோலோடு வர வேண்டும். எந்த மாற்றம் குற்றம், எது அனுமதி பெற்றுச் செய்யலாம், எத்தனை மில்லிமீற்றர் துருத்தினால் கழற்ற வேண்டும் என்பது தமிழில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானிப்பது அன்றைய நாளில் அந்தச் சந்தியில் நிற்கும் அதிகாரியின் மனநிலைதான்.

என்ன கேட்க வேண்டும்?

வருமான அனுமதிப்பத்திரம் வழங்குவது பிரதேச செயலகம். அங்கே வருடத்தில் சில நாட்கள் மோட்டார் வாகனப் பரிசோதகர் ஒருவரை வரவழைத்து, தண்டப்பணம் இல்லாத பரிசோதனை நடத்தலாம். மடித்த மட்காட், ஸ்பேசர், வயது போன டயர் என்பவற்றைப் பார்த்து, திருத்துவதற்குக் கால அவகாசம் எழுதிக் கொடுக்கலாம். கல்முனை, சம்மாந்துறை கராஜ்காரர்களை அழைத்து ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். செய்யக் கூடாத வேலை எது என்று அவர்களுக்குத் தெரிந்தால், 'அடுத்த கராஜுக்குப் போவாங்க' என்ற பயம் இல்லாமல் எல்லோரும் ஒன்றாக மறுக்க முடியும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது கிட்டங்கி. உயர்ந்த பாலம் வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. தேர்தல் மேடைகளில் அது பேசப்படாத காலம் இல்லை. இந்த நாட்டில் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அடுத்த நிலை வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. ஒன்று மற்றதைக் காட்டும்போது காலம் போகிறது. பாலம் வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. தாம்போதியின் இரு பக்கமும் அளவுக்கம்பங்கள், தண்ணீர் ஓர் அடியைத் தொட்டதும் மூடப்படும் தடுப்பு, மூடிய நாட்களில் பாதுகாப்பான படகுச் சேவை, நோயாளிகளுக்கு நாவிதன்வெளிப் பக்கத்திலேயே நிற்கும் அம்புலன்ஸ். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை.

மக்கள் பக்கமும் சில வேலை இருக்கிறது. வாகனத்துக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலான கார்களில் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். பழைய டயர் வாங்கும்போது அதன் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தவாளிப்புகளுக்கு நடுவில் உள்ள சிறிய ரப்பர் மேடு 1.6 மில்லிமீற்றர் உயரம் கொண்டது. டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதை மாற்ற வேண்டும். ஏற்கெனவே மட்காட்டை மடித்தவர்கள், மாரிக்கு முன் உட்பக்கத்தைக் கழுவி, கறளைச் சுரண்டி, பெயின்றும் பூச்சும் அடித்துவிடுங்கள். டயரின் உட்தோளையும் தடவிப் பாருங்கள். வெட்டு இருந்தால் அந்த டயரோடு பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். மாற்றம் செய்த வாகனமென்றால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் நட்டஈடு சிக்கலாகலாம்.

மாரி மழை ஒவ்வொரு வருடமும் வந்துவிடும். பிரதேச சபை உறுப்பினரோ, மாகாண அதிகாரியோ, நாடாளுமன்ற உறுப்பினரோ அதற்கு முன் எங்கள் பக்கம் வந்தால், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு மூன்று கேள்விகளை வைக்கலாம். கிட்டங்கித் தாம்போதிக்குப் பொறுப்பான நிறுவனம் எது? தண்ணீர் ஓர் அடியைத் தாண்டும் நாளில் வீதியை மூடும் அதிகாரி யார்? மூடிய பிறகு நோயாளியும் பரீட்சை எழுதும் பிள்ளையும் எதில் போவார்கள்? இதற்கு எழுத்தில் பதில் கிடைக்காதவரை, வாகனத்தின் மட்காட்டை அளக்க வருபவர்களிடம் தாம்போதியின் உயரத்தையும் அளக்கச் சொல்லும் உரிமை எமக்கு இருக்கிறது.